இரவு பத்து முதல் காலை ஐந்து வரை

நான் வேலையிலிருந்து இளைப்பாறி இரண்டு வருடமாகிறது. ஆனாலும் காலை எட்டு மணிக்கு என் தொலைபேசி அடித்தால் அது பெரும்பாலும் எங்கள் ஈசிஜி அறையாகத்தான் இருக்கும். இப்போது அந்த அறைக்குப் பொறுப்பாக இருக்கும் கௌசல்யா கடைசி நாலு வருடம் என்னோடு வேலை செய்தவள். போன கிழமை அவள் கேட்டது இதுதான்.

“அக்கா, புது ஹோல்ரர் மெசின் வந்திருக்கு. நித்திரை நேரத்தை அதுவே போடுது. இனி அந்த டயறித் தாள் தேவையோ? ஒருத்தரும் ஒழுங்கா நிரப்பித் தாறதுமில்லை.”

“ஆள் நித்திரை எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

“இரவு பத்திலையிருந்து காலமை அஞ்சு எண்டு ஏற்கெனவே போட்டுத்தான் வந்திருக்கு. வேணுமெண்டா மாத்தலாம்.”

“தாளை நிப்பாட்டாதை. ஏன் எண்டு எழுதி அனுப்புறன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். தொலைபேசியில் சொல்லக்கூடிய காரணமில்லை அது. நான் இளைப்பாறியபோது வைத்த சேவைநயப்பு விழாவில் என்னைப் பற்றி முக்கால் மணித்தியாலம் புகழ்ந்தார்கள். நேரம் தவறாதவர், பொறுமைசாலி, நோயாளரின் தாய் என்றெல்லாம். இந்தக் கதை அதில் வரவில்லை. நான் அவர்களுக்குச் சொன்னால்தானே வரும்.

கௌசல்யா மட்டுமில்லை, மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் படித்து, இடத்துக்கு இடம் மாறி, கடைசியில் யாழ்ப்பாணத்தில் வந்து நின்றேன். என் ஊர் இணுவிலிலிருந்து காலை பஸ், மாலை பஸ். கையில் ஈசிஜி மெசின். அவ்வளவுதான் என் வேலைக் காலம். ஈசிஜி எடுப்பவளுக்கு ஆஸ்பத்திரியில் தனிப் பெயர் கிடையாது. தாதிமாரை அழைப்பதுபோல எங்களையும் சனம் ‘மிசி’ என்றுதான் அழைக்கும். நான் திருத்தப் போனதில்லை.

ஈசிஜி ஒரு நிமிடக் கதை. ஹோல்ரர் ஒரு நாள் கதை. ஒரு சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டி, வயர்களை நெஞ்சில் ஒட்டி வீட்டுக்கு அனுப்புவோம். இருபத்துநாலு மணித்தியாலமும் இதயம் என்ன செய்தது என்று அது பதிந்து வைத்திருக்கும். மறுநாள் கழற்றி, கணினியில் போட்டு, நாங்கள் முதல் அறிக்கையை எழுத, டொக்டர் பார்ப்பார்.

கட்டுவது சும்மா விசயமில்லை. ஆண்களென்றால் நெஞ்சு மயிரைச் சவரம் செய்யவேண்டும். அறைக் கதவைப் பாதி திறந்து வைத்து, அவர்களுடைய மனுசியை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் பிளேட்டைக் கையில் எடுப்பேன். பிறகு ஸ்பிறிற்றால் துடைத்து, தோலை மெல்லத் தேய்த்து, காயவிட்டு, வயர் பிடிக்கும் ஒட்டியை வைத்து, வயரை ஒரு வளையம் விட்டு பிளாஸ்ரர் போடவேண்டும். அந்த வளையம் இல்லாவிட்டால் ஆள் குனியும்போது வயர் இழுபடும். கடலில் நிற்பவர்களின் தோலில் உப்பும் வெயிலும் ஏறி ஒட்டி பிடிக்காது. தோட்டக்காரருக்கு வியர்வை. எல்லாம் சரியாக ஒட்டி அனுப்பினாலும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மறுநாள் பெட்டியையும் வயரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். கோயிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்றவேண்டும் அல்லவா. “வயரோடை எப்பிடிப் பிள்ளை சாமிக்கு முன்னாலை நிக்கிறது” என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார். பதினெட்டு மணித்தியாலம் நேர்கோடு. அவரை நோகவும் முடியவில்லை.

பெட்டியோடு ஒரு தாளும் கொடுப்போம். நேரம், என்ன செய்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று மூன்று கட்டம். கீழே, நித்திரை கொண்ட நேரம். அதைத்தான் நாங்கள் டயறி என்போம். பத்துப் பேரில் எட்டுப் பேர் வெறும் தாளாகத் திருப்பித் தருவார்கள். கழற்றும்போது நான் இரண்டு கேள்வி கேட்டு மேற்கட்டங்களை நிரப்புவேன். நித்திரைக் கட்டத்துக்குக் கேள்வியே இல்லை. இரவு 10, காலை 5. கை தானாக எழுதும். இணுவிலில் நான் அறிந்த சனம் எல்லாம் அந்த நேரத்துக்குத்தான் படுத்து எழும்பியது. ஐந்துக்கு எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க வேண்டும், எனக்குப் பஸ் பிடிக்க வேண்டும். உலகம் முழுவதும் என் வீட்டு மணிக்கூட்டில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ வருடம் வேலை செய்திருக்கிறேன்.

எங்கள் இருதய டொக்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. குரல் உயர்த்தாத மனிதர். பேப்பரில் இதயத்துடிப்பு ஓடிய கோட்டை இரும்பு அடிமட்டம் வைத்து அளப்பார். கணினி அளந்து இலக்கம் கொடுத்திருந்தாலும் திரும்ப அளப்பார். ‘நல்லது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நாங்கள் ஏதாவது சொன்னால் ஒரே கேள்வி.

“பாத்தனீங்களோ, கேட்டனீங்களோ, நினைச்சனீங்களோ?”

பார்த்தது என்றால் எழுதுவார். கேட்டது என்றால் யாரிடம் என்று கேட்டு எழுதுவார். நினைத்தது என்றால் பேனையை மூடிவிடுவார். புதிதாக வந்த டொக்டர்மார் அந்தக் கேள்விக்குப் பயந்தே வாட்டில் ஓடித் திரிவார்கள். எனக்குப் பயமில்லை என்று நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் இளைப்பாற ஆறு வருடம் இருக்கும்போது குருநகரிலிருந்து மரியநாயகம் என்பவர் கிளினிக்குக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். மச்சானோடு சேர்ந்து ஒரு வள்ளம் வைத்திருந்தார். பெரிய உடம்பு, கழுத்தும் தலையும் ஒரே அகலம், நெஞ்சு வரை தாடி. மூன்று வருடமாக நெஞ்சு படபடக்கிறது, இரண்டு தரம் வள்ளத்தில் கண் இருண்டு விழுந்து நெற்றி அடிபட்டது என்றார். முதல் நாள் எடுத்த ஈசிஜியில் துடிப்பு தாறுமாறாக இருந்தது. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிற நோய் அது. நாங்கள் சுருக்கமாக ஏஎஃப் என்போம். மாத்திரை கொடுத்தார்கள். சில நாள் ஒழுங்காகும், பிறகு குழம்பும். அதனால் ஹோல்ரர் கட்டச் சொன்னார் டொக்டர்.

கட்டினேன். “வழக்கமா செய்யிறதை எல்லாம் செய்யுங்கோ, தண்ணி மட்டும் படக் கூடாது” என்றேன். மறுநாள் பின்னேரம் வந்தார். தாள் வெறுமை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். பெட்டி உறையில் உப்பு வாடை அடித்தது. அது எனக்கு மணந்தது, நினைவிருக்கிறது. கடற்கரை ஆள்தானே என்று விட்டுவிட்டேன்.

“நெஞ்சு ஏதும் செய்ததோ?”

“இல்லை மிசி.”

அவ்வளவுதான் நாங்கள் கதைத்தது. நித்திரைக் கட்டத்தில் என் கை எழுதியது: இரவு 10, காலை 5.

பதிவு வந்தபோது இரவு முழுவதும் துடிப்பு வேகமாக, ஆனால் ஒழுங்காக இருந்தது. காலை பத்து மணிக்குப் பிறகுதான் குழப்பம். துடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து, நின்று, நாலு செக்கனுக்கு மேல் ஒன்றுமில்லாமல், திடீரென்று ஓடி, பிறகு ஏஎஃப். இப்படிப் பகல் ஒரு மணி வரை திரும்பத் திரும்ப வந்தது. நித்திரையில் இருக்கும் ஆளுக்கு ஏன் இரவு இரண்டு மணிக்கு நூற்றுப்பத்து அடிக்கிறது என்று எனக்கு ஒரு கணம் யோசனை வந்தது. ஏஎஃப்காரருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

டொக்டர் அடிமட்டத்தை வைத்து அளந்தார். நித்திரையில் இதயம் தயங்குவது வேறு விசயம், அதற்குப் பல காரணம் இருக்கும். விழித்திருக்கும்போது நாலு செக்கன் நிற்பது வேறு. அதுவும் இரண்டு தரம் மயங்கி விழுந்த ஆளுக்கு.

“உவருக்கு இந்த நேரம் முழிப்போ?”

“ஓம் டொக்டர். பகல் பதினொரு மணி.”

“பாத்தனீங்களோ, கேட்டனீங்களோ, நினைச்சனீங்களோ?”

“கேட்டனான்.”

பொய். வேறு பெயர் அதற்கில்லை. அறை நிறைய ஆட்கள், கையில் மற்ற அறிக்கைகள், ‘நினைச்சனான்’ என்று சொல்ல வெட்கம். ஒரு சொல்தானே என்று சொல்லிவிட்டேன். அவர் நான் கேட்டதாக நம்பி எழுதினார். பேஸ்மேக்கர் வைக்கவேண்டும். நெஞ்சுத் தோலை வெட்டி, பற்றரிப் பெட்டியை உள்ளே வைத்து, அதன் வயரை இதயத்துக்குள் விடுகிற சிகிச்சை. மூன்று கிழமையில் திகதி கிடைத்தது. அதுவரை கடலுக்குப் போகக் கூடாது.

மரியநாயகம் அறையை விட்டுப் போகும்போது என்னிடம் கேட்டார். “நெஞ்சுக்குள்ளை பற்றரி வைச்சவனை ஆர் மிசி வள்ளத்திலை ஏத்துவான்?”

“அதெல்லாம் வைச்சுக்கொண்டு வேலை செய்யிற ஆக்கள் இருக்கினம்” என்றேன். அது உண்மைதான். ஆனால் அவருடைய மச்சான் அதற்குள் வேறு ஆள் தேடத் தொடங்கியிருந்தார். கடலில் பாதி வழியில் மயங்கி விழுபவரோடு போக அவருக்குப் பயம். அவரையும் குறை சொல்ல முடியாது.

திகதிக்கு ஐந்து நாள் முன்பு இரத்தம் சோதிக்க வந்தார், மனுசி பிலோமினாவோடு. காலை பதினொரு மணி இருக்கும். என் அறைக்கு வெளியே உள்ள மர வாங்கில் இரண்டு பேரும் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. சாதாரணக் குறட்டையில்லை, வாங்கு அதிரும். வரிசையில் நின்ற சனம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்து எட்டிப் பார்த்தேன்.

அப்போது சத்தம் நின்றது. மரியநாயகத்தின் வாய் திறந்திருந்தது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி இழுபட்டது. மூச்சுச் சத்தமே இல்லை. பிலோமினா பக்கத்துப் பெண்ணோடு மகள் முதல் நன்மை வாங்கும் பூசைக்குத் தைக்கிற சட்டையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். கதையை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல், முழங்கையால் அவர் விலாவில் ஒரு இடி இடித்தாள். பெரிய ஒரு உறுமலோடு மூச்சு வந்தது. அவள் சட்டைக் கதையைத் தொடர்ந்தாள். ஒரு நிமிடம் போக, திரும்பவும் அதே. திரும்பவும் முழங்கை.

“பிள்ளை, உவர் எப்பவும் இப்பிடியோ?” என்று கேட்டேன்.

“ஓம் மிசி. கலியாணம் கட்டின நாளிலையிருந்து குறட்டை. மூச்சு நிக்கிறது இப்ப நாலைஞ்சு வருசமா. நான் பக்கத்திலை இருந்து சமையலுக்கு வெட்டிக்கொண்டு காலாலை தட்டுவன். தட்டாட்டி உவருக்கு நிறமே மாறிப்போம்.”

“சமையலுக்கோ? எத்தினை மணிக்கு?”

“பத்து, பதினொண்டு.”

“அப்ப உவர் பகல்லையோ படுக்கிறவர்?”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “பின்னை எப்ப மிசி? இரவு கடலிலை எல்லோ. இப்ப கடல் இல்லாட்டியும் அந்தப் பழக்கம் விடேல்லை.”

ஹோல்ரர் கட்டிய நாளைப் பற்றியும் அவளிடம் கேட்டேன். அவரை நான் கட்டி அனுப்பிய அன்றும் கடலுக்குத்தான் போயிருக்கிறார். ‘வழக்கமா செய்யிறதை எல்லாம் செய்யுங்கோ’ என்று நான்தானே சொன்னேன். பெட்டியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டிக்கொண்டு, இரவு முழுவதும் வலை இழுத்திருக்கிறார். நனைந்தால் நான் ஏசுவேன் என்று ஒன்றும் சொல்லவில்லை. நூற்றுப்பத்து என்பது வலை இழுத்த துடிப்பு. பகல் பதினொரு மணி என்பது அவருடைய நடுச்சாமம்.

அவரை எழுப்பி என் அறைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். படுத்ததும் நித்திரை. அப்படி ஒரு களைப்பு அந்த மனுசனுக்கு. கைகால்களில் ஈசிஜி வயரை மாட்டினேன். வாட்டிலிருந்து இளம் டொக்டர் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினேன். விரலில் ஒக்சிசன் பார்க்கும் கிளிப்பைக் கொழுவினேன். பிலோமினாவிடம் “இப்ப தட்டாதையுங்கோ, நான் சொன்னாப் பிறகு தட்டுங்கோ” என்றேன். அவளுடைய முழங்கை தானாக எழும்ப, மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பேப்பர் ஓடியது. குறட்டை இருக்கும்வரை ஒழுங்கான துடிப்பு. குறட்டை நின்றதும் நெஞ்சு இழுபடத் தொடங்கியது. தொண்டை உள்ளே ஒட்டிக்கொண்டு காற்றுப் போகாமல், நெஞ்சு மட்டும் மல்லுக்கட்டுகிறது. கிளிப்பில் இலக்கம் இறங்கியது. துடிப்புகளுக்கு இடையே இடைவெளி கூடிக் கூடி வந்தது. பிறகு கோடு. கோடு மட்டும். நான் பேப்பரின் பெரிய கட்டங்களை எண்ணிக்கொண்டு நின்றேன். ஒரு உறுமல், மூச்சு, துடிப்பு பாய்ந்து ஓடி, மேலறை நடுங்கும் அந்தத் தாறுமாறான கோலம் பேப்பரில் வந்தது. இரண்டாம் தரமும் அதே. மூன்றாம் தரம் வரும்வரை நான் விடவில்லை. “தட்டுங்கோ” என்றேன். பிலோமினா தட்டிய தட்டில் கட்டில் அசைந்தது.

பேப்பரைக் கிழித்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் கிளினிக்கை முடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் விரித்து வைத்தேன். அடிமட்டத்தை எடுத்தார். மூன்று இடத்திலும் அளந்தார்.

“நித்திரையிலையோ?”

“ஓம் டொக்டர். மூச்சு நிண்டு, பிறகுதான் இதயம் நிக்குது. பாத்தனான்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் என்னை மேற்கொண்டு கேட்கவில்லை. “முந்தி கேட்டனான் எண்டு சொன்னது பொய். நான் கேக்கேல்லை. நினைச்சு எழுதினனான்.”

அவர் கோப்பையை வைத்தார். பிறகு மரியநாயகத்தின் ஃபைலை எடுத்து, என் பழைய அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்து, தன் பேனையைத் தந்தார்.

“எழுதுங்கோ. பிழை ஆருடையது எண்டும் எழுதுங்கோ.”

எழுதினேன். நித்திரை நேரம் நோயாளியிடம் கேட்கப்படவில்லை, பிழை என்னுடையது என்று எழுதி, கையொப்பமும் திகதியும் இட்டேன். அவர் அதை வாசித்துவிட்டு, “இது முடிஞ்ச கதை எண்டு நினைக்காதையுங்கோ” என்றார். “மூச்சைத் திருத்தினா இதயம் திருந்தும் எண்டு இப்ப நாங்கள் நினைக்கிறம். நினைக்கிறம், அவ்வளவுதான். ரெண்டு மாசம் பாப்பம். அதுக்குப் பிறகும் நிண்டால் பேஸ்மேக்கர்தான். கண் இருண்டதெண்டு சொன்னது மயக்கமோ நித்திரையோ எண்டும் தெரியேல்லை.”

அது நித்திரைதான். பிறகு மரியநாயகத்தைத் துருவிக் கேட்டதில் தெரிந்தது. வள்ளத்தில் இருந்தபடி தூங்கி விழுந்திருக்கிறார். கடலில் தூங்கினேன் என்று எந்தக் கடற்றொழிலாளி வாய்விட்டுச் சொல்வான்? கண் இருண்டது என்று சொல்லியிருக்கிறார். ஆளுக்கொரு வெட்கம் எங்களுக்கு.

நெஞ்சுக் கிளினிக்கில் நித்திரைச் சோதனை செய்தார்கள். ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொடுத்து, நான் சொல்லிவிட்டபடி, பகலில் கட்டச் சொன்னார்கள். முடிவு படுமோசம். கனடாவில் இருக்கும் அவருடைய தமையன் சீபாப் மெசின் அனுப்பினார். கட்டில் பக்கத்தில் வைக்கும் சின்ன மெசின் அது. ஒரு குழாய், மூக்கையும் வாயையும் மூடும் ஒரு மாஸ்க். காற்றை மெல்லிய அழுத்தத்தில் தள்ளி, தொண்டை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். மூச்சு நிற்காவிட்டால் இரத்தத்தில் ஒக்சிசன் இறங்காது, இதயம் பதறாது. மேலறையும் இழுபடாது. டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தியது அவ்வளவுதான்.

சொல்வது சுகம். குருநகர் வீட்டில் பகல் பதினொரு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு படுப்பது வேறு கதை. வெக்கை. சந்தில் பிள்ளைகளின் சத்தம். யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு “அண்ணை தரையிலையே சுழியோடுறார்” என்று பகிடி. முதற் கிழமை ஒரு மணித்தியாலம்கூட அவர் போடவில்லை. என் விடுமுறை நாட்களில் நான் பஸ் ஏறிக் குருநகருக்குப் போகத் தொடங்கினேன். என் வேலையில் இது சேர்த்தியில்லை. மனுசன் என்னால் பட்ட பாடு போதும், இதை நான் முடித்து வைக்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் பிடிவாதம் வந்துவிட்டது.

போய்ப் பார்த்தால் உண்மையான தொல்லை தாடி. மாஸ்க் முகத்தில் பொருந்தாமல் தாடிக்குள்ளால் காற்று பீறிக்கொண்டு போகிறது.

“இதை வழிக்கவேணும் அண்ணை.”

“ஏலாது மிசி. அந்தோனியாருக்கு நேர்த்தி. நெஞ்சு சுகம் வந்தாப் பிறகுதான் வழிக்கிறது எண்டு வைச்சனான்.”

“நெஞ்சு சுகம் வாறதுக்குத்தான் இப்ப வழிக்கச் சொல்லுறம்.”

“அப்ப நேர்த்தி என்னாகிறது?”

நானும் நேர்த்தி வைக்கிறவள்தான், பாதியில் முறிப்பது என்ன என்று எனக்கும் தெரியும். மூன்று கிழமை இந்த இழுபறி. பிலோமினா அழுதாள், ஏசினாள், ஒரு நாள் அவருக்குச் சோறு போடவில்லை. நாலாவது கிழமை நான் போனபோது கதவைத் திறந்த ஆளைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாஸ்கைக் கண்ணாடிக்கு முன்னால் முகத்தில் வைத்து, அது தொடுகிற இடத்தை மட்டும் பென்சிலால் கோடு போட்டு வழித்திருந்தார். மீசை இல்லை, கன்னம் வெறுமை, உதட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலம் மொட்டை. நாடிக்குக் கீழே மட்டும் பழைய தாடி நெஞ்சு வரை தொங்கியது.

“நேர்த்தி முறியேல்லை மிசி. கொஞ்சம் கீழை இறங்கியிருக்கு.”

அந்தக் கோலத்தோடு பூசைக்குப் போனார், சந்தைக்குப் போனார். குருநகர் முழுவதும் சிரித்தது. மனுசன் அசையவில்லை. சிரிக்கிறவர்களைப் பார்த்து, “என்ரை நெஞ்சு, என்ரை தாடி” என்பாராம். அன்று முதல் மாஸ்க் பொருந்தியது.

டொக்டர் குறித்த நாளில் திரும்ப ஹோல்ரர் கட்டினேன். இந்தத் தரம் தாளைப் பிலோமினாவின் கையில் கொடுத்தேன். அவள் தாள் போதாமல் மகளின் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். ‘9.40 படுத்தார். 9.45 மாஸ்க் போட்டார். 9.50 நித்திரை. 10.30 மாமி வந்தா, எழும்பேல்லை. 11.15 மீன்காரன் கூவினான், எழும்பேல்லை. 12.00 நான் பயந்து தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தார்.’

பதிவைக் கணினியில் திறந்தேன். இதயம் திரும்பவும் நின்றிருந்தால், நான் அவருக்கு இரண்டு மாதத்தை வீணாக்கியதாகிவிடும். 9.50 இலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. ஒரு இடத்திலும் இடைவெளி இல்லை. ஏஎஃப் முழுவதும் போய்விடவில்லை, பின்னேரம் ஒரு சின்ன ஓட்டம் இருந்தது. அதற்கு மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். டொக்டர் அடிமட்டத்தால் அளக்க ஒன்றும் இருக்கவில்லை. பிலோமினாவின் இரண்டு பக்கத்தையும் முழுவதும் வாசித்தார். பிறகு பேஸ்மேக்கர் பட்டியலில் அந்தப் பெயரை வெட்டினார். கொஞ்ச நாள் மேலும் பார்த்து, பகலில் தூங்கி விழுவது நின்றதை உறுதிப்படுத்திக்கொண்டு, கடலுக்கு விட்டார். மச்சான் இடையில் எடுத்த புது ஆளை நிறுத்திவிட்டு இவரைத் திரும்ப வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார்.

எல்லோரும் சந்தோசம். நான் மட்டும் வீட்டில் சாப்பிட முடியாமல் இருந்தேன். ஒரு மரியநாயகம் வாங்கில் குறட்டை விட்டதால் தப்பினார். நான் கை போனபடி எழுதிய மற்றவர்கள்?

மறுநாள் டொக்டரிடம் “பழைய அறிக்கையளைப் பாக்கப் போறன்” என்றேன். “பாருங்கோ” என்றார். அலுமாரியில் கிடந்த கோப்புகளை ஒரு மாதம் மத்தியான இடைவேளைகளில் திறந்து திறந்து பார்த்தேன். பகலில் இதயம் நின்றது என்று எழுதி, அதனால் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் நாலு பேர். இரண்டு பேர் நித்திரை நேரத்தைத் தங்கள் கையாலேயே எழுதியிருந்தார்கள், பிழையில்லை. ஒருவர் பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டார். நாலாவது தாளில் என் கையெழுத்து. பெயர் சிவபாதம், மருதனார்மடம். தொழில் என்ற இடத்தில் ‘பேக்கரி’ என்று இருந்தது. பாண் போடுகிறவர்கள் எப்போது வேலை செய்வார்கள் என்று ஒவ்வொரு நாள் காலையும் சூடான பாண் வாங்கித் தின்கிற எனக்குத் தெரியாதா?

ஞாயிறு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் பெரிய வரவேற்பு. சேட்டைத் திறந்து, தோளுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினார்.

“உங்கடை புண்ணியத்திலைதான் மிசி இருக்கிறன்.”

“சிவபாதம் அண்ணை, நீங்கள் எப்ப நித்திரை கொள்ளுறனீங்கள்?”

“பகல்லைதான். இரவு முழுக்கப் போறணையிலை பாண் சுடவேணும்.”

“குறட்டை?”

உள்ளேயிருந்து அவருடைய மனுசி சிரித்தா. அந்தச் சிரிப்பே போதும்.

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் மெல்லச் சேட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டார். “அப்ப இது தேவையில்லாமல் வெட்டினதோ?”

“தெரியேல்லை அண்ணை. தேவையாயும் இருந்திருக்கலாம். இனி அதை ஒருத்தராலையும் சொல்லேலாது. அண்டைக்கு நான் கேட்டிருந்தாச் சொல்லியிருக்கலாம்.”

மனுசியும் வாசலில் வந்து நின்றா. ஏசினால் வாங்கிக்கொண்டு போவது என்றுதான் வந்திருந்தேன். அவர் தழும்பைச் சேட்டுக்கு மேலால் தடவி, “படபடப்பு இப்பவும் இருக்குது” என்றார். இருக்கும். பேஸ்மேக்கர் இதயத்தை நிற்க விடாது, அவ்வளவுதான். மேலறையின் நடுக்கத்துக்கு அது மருந்தில்லை, தொண்டை ஒட்டுவதற்கும் அது மருந்தில்லை.

“நாளைக்கு ஏழரைக்குக் கிளினிக்குக்கு வாங்கோ. வாசல்லை நிப்பன்” என்றேன். அவர் எழும்பி உள்ளே போனார்.

ஏழு மணிக்கே போய் நின்றேன். எட்டு மணியாகியும் ஆளில்லை. எட்டரைக்கும் இல்லை. அவருக்கு என்னிடம் வரவேண்டிய கட்டாயம் என்ன என்று நினைத்து உள்ளே போகத் திரும்பினேன். ஒன்பது மணிக்குக் கிட்ட, உடுத்திருந்த சறத்திலும் கையிலும் பாண் மா ஒட்டியிருக்க, நேரே போறணையிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

“வீட்டை போனா நித்திரையாப் போவன் எண்டு இப்பிடியே வந்திட்டன், மிசி” என்றார். “எங்கை படுக்கிறது? இண்டைக்கு இருந்து பாருங்கோ.”

என் அறைக் கட்டிலைக் காட்டினேன். படுத்து ஐந்து நிமிடத்தில் குறட்டை தொடங்கியது. கதவைச் சாத்தி, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் எழும்பும்வரை மூச்சு எப்போது நிற்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன்.